விக்கர் என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுச் சாமான் கடைகளிலும் இணைய விற்பனைப் பக்கங்களிலும் 'விக்கர் நாற்காலி', 'விக்கர் கூடை' என்னும் பெயர்கள் இன்று சாதாரணமாகிவிட்டன. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இந்த ஒரு சொல் என்னைப் பல முறை நிறுத்திவைத்திருக்கிறது. நண்பர்களும் மாணவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் அவற்றுக்கு நான் தேடிக்கொண்ட விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

விக்கர் என்றால் என்ன?

எளிதில் வளையக்கூடிய குச்சி, கொடி, தண்டு அல்லது பிளாச்சு எதையேனும் எடுத்து, சற்று விறைப்பான குச்சிகளுக்கு ஊடாக மாற்றி மாற்றிச் செலுத்தி முடைகிற வேலைக்கு விக்கர் என்று பெயர். அவ்வாறு முடைந்த பொருளுக்கும், முடைவதற்கு எடுத்துவைத்த குச்சிக்கும்கூட அந்தப் பெயர் உண்டு. தறியில் பாவு அசையாமல் நிற்க ஊடை அதன் ஊடே ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். விக்கரில் பாவின் இடத்தில் நிற்பது விறைத்த குச்சி. ஊடையின் இடத்தில் ஓடுவது வளையும் குச்சி. கோரைப் பாயைப் போல வளைந்து சுருட்டத்தக்க பொருளாக அல்லாமல், தன் வடிவத்தைத் தானே தாங்கி நிற்கும் பொருளாக அது ஆவது இந்த விறைப்பினால்தான்.

விக்கர் என்பது ஒரு மரத்தின் பெயரோ செடியின் பெயரோ அன்று. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்தச் சொல்லைச் சுற்றியுள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

அப்படியானால் பிரம்பும் விக்கரும் ஒன்றல்லவா?

ஒன்றல்ல. பிரம்பு ஒரு தாவரம். விக்கர் ஒரு செய்முறை. தென்னையும் பனையும் சேர்ந்த அதே குடும்பத்தில் கொடியாகப் படரும் இனங்களே பிரம்பு. உலகில் அவை சுமார் 600 உள்ளன. உள்ளே கூடாக இருக்கும் மூங்கிலைப் போலன்றிப் பிரம்பின் தண்டு உள்ளே நிரம்பியிருக்கும். அது நிமிர்ந்து நிற்கும் மரமன்று என்பதைப் பழந்தமிழர் நன்றாகவே அறிந்திருந்தனர். குறுந்தொகையின் 91ஆம் பாடலில் ஔவையார் பிரம்பை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கொடியாகவே காட்டுகிறார். அதன் பழத்தை ஆழமான குளத்தின் கெண்டைமீன் கவ்விக்கொள்கிறது.

பிரம்பைக் கொண்டு விக்கர் செய்யலாம். நம் ஆற்றுப்பாலையின் இனமாகிய வில்லோ மரத்தின் குச்சியைக் கொண்டும் மூங்கில் பிளாச்சைக் கொண்டும் நாணலைக் கொண்டும் செய்யலாம். பிரம்பில் செய்த எல்லாமே விக்கர் ஆகிவிடுவதும் இல்லை. தடித்த பிரம்பை நெருப்பில் காட்டி வளைத்து, ஆணி அடித்து நாற்காலிக் காலாக நிறுத்தினால் அது பிரம்புச் சட்டம் மட்டுமே. அதன் இருக்கையிலும் முதுகிலும் மெல்லிய பிரம்பை ஓட்டிப் பின்னும்போதுதான் விக்கர் வருகிறது. மயிலாடுதுறை மாவட்டத்தில் கொள்ளிடம் அருகிலுள்ள தைக்கால் வழியாகச் செல்பவர்கள் சாலையோரக் கடைகளில் இரண்டு வேலைகளும் ஒரே ஊஞ்சலில் சேர்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

பிரம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய 'ராட்டன்', மலாய் மொழியின் 'ரோத்தான்' என்பதிலிருந்து சென்றது. மலேசியத் தமிழர் பிள்ளைகளை மிரட்டும் பிரம்பை 'ரோத்தான்' என்றே சொல்வது உண்டு. ஆகவே ராட்டன் தென்கிழக்காசியச் சொல், விக்கர் வடஐரோப்பியச் சொல். இரண்டும் பிறந்த மண்ணே வேறு.

விக்கர் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

ஆங்கில எழுத்துகளில் இச்சொல் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் தென்படத் தொடங்குகிறது. 'விக்கரால் ஆன' என்று அடைமொழியாக வழங்குவது ஏறத்தாழ 1500ஆம் ஆண்டு முதல். ஆயினும் அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லாகத் தோன்றவில்லை. டென்மார்க்கு, சுவீடன் முதலிய ஸ்காண்டிநேவிய நாடுகளின் மொழிகளில் இதற்கு நெருங்கிய உறவுச் சொற்கள் உள்ளன: பழைய சுவீடிஷ் மொழியில் 'வீக்கெர்', டேனிஷ் மொழியில் 'வீகெர்'. இரண்டுக்கும் பொருள் வில்லோ மரம் அல்லது அதன் இளங்கிளை.

ஸ்காண்டிநேவியச் சொல் இங்கிலாந்துக்குப் போன வழியும் வரலாற்றில் தெளிவாகவே இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டிலிருந்து வைக்கிங்குகள் என்னும் கடலோடிகள் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறினார்கள். முதலில் கொள்ளையிட வந்தவர்கள் பின்னர் உழுது பயிரிட்டு, உள்ளூரில் மணம் முடித்து, அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தக் கலப்பினால் ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொற்கள் பெரும்பாலும் அடுப்படிச் சொற்களும் தோட்டச் சொற்களுமே ஆகும். முட்டைக்கு 'எக்', கத்திக்கு 'நைஃப்', சாளரத்துக்கு 'விண்டோ' என்று இன்று ஆங்கிலத்தில் சொல்வதெல்லாம் அந்தக் குடியேறிகளின் கொடையே. கூடை முடைகிற குச்சியின் பெயரும் அவர்களோடு வந்திருப்பதில் வியப்பில்லை. அரசவையில் பேசும் மொழி எதுவாக இருந்தாலும், கூடையும் கத்தியும் புழங்குகிற வீட்டில்தான் ஒரு மொழி இன்னொன்றோடு உண்மையில் கலக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

அந்தச் சொல்லுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பொருள் என்ன?

வளைதல். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'வீக்யா' என்றால் திரும்புதல், விலகுதல். பழைய ஆங்கிலத்தில் 'வீக்கன்' என்றால் இணங்கி விட்டுக்கொடுத்தல். இவற்றுக்கெல்லாம் மூலமாக, வளைதல், திரும்புதல் என்னும் பொருளுடைய 'வெய்க்' என்ற வேரை, ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் வடமொழிக்கும் பொதுத்தாயாகக் கருதப்படும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழிக்கு அறிஞர்கள் மீட்டமைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு வேர் ஏட்டில் எழுதிக் கிடைத்ததன்று. பல மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு ஊகித்துக் கட்டியது என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

தமிழில் 'வளை' என்ற ஒரே அடியிலிருந்து வளையம், வளையல், வளைவு, வளாகம் என்று பல சொற்கள் கிளைத்திருப்பதைப் பாருங்கள். கையில் அணியும் வளையலுக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்கும் வெளித்தோற்றத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. அடியைத் தொட்டால்தான் இரண்டும் உறவு என்று தெரிகிறது. 'வெய்க்' வேரின் கதையும் அப்படிப்பட்டதே. ஆங்கிலத்தில் வலுவின்மையைக் குறிக்கும் 'வீக்', அழுத்தினால் வளைந்துகொடுப்பது என்ற கருத்தில் பிறந்தது. ஏழு நாளைக் குறிக்கும் 'வீக்', நாள்கள் சுற்றித் திரும்பி வருவது என்ற கருத்தில் பிறந்ததாகக் கொள்கிறார்கள். முறை, மாற்று என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லான 'விக்கிஸ்' என்பதையும் இதே வேரில் சேர்ப்பார்கள். கிறிஸ்தவ ஆலயங்களில் 'விகார்' என்று சொல்லப்படும் பதவிப்பெயர் அதிலிருந்து வந்தது. பிறர் இடத்தில் மாற்றாக நின்று பணி செய்பவர் என்பது அதன் பொருள். வளையும் கிளையுடைய ஒருவகை எல்ம் மரத்துக்கும் இந்த வேரினால் 'விச் எல்ம்' என்ற பெயர் உண்டு.

கிரிக்கெட்டில் வரும் 'விக்கெட்' இதோடு தொடர்புடையதா?

நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. தொடர்பு இருக்கக்கூடும், ஆனால் நேரடியாக அன்று. 'விக்கெட்' என்பதன் முதற்பொருள் பெரிய கதவுக்குள்ளோ அருகிலோ இருக்கும் சிறு திட்டிவாசல். 13ஆம் நூற்றாண்டில் நார்மன் பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லே, ஆங்கிலமும் ஸ்காண்டிநேவிய மொழிகளும் அடங்கிய ஜெர்மானியக் குடும்பத்தின் ஒரு மொழியிலிருந்து சென்றிருக்கலாம் என்றும், அதன் அடிக்கருத்து 'திரும்புவது' என்றும் கருதுகிறார்கள். கதவு கீலில் திரும்புகிறது. குச்சி கையில் வளைகிறது. ஆட்டத்தின் குச்சிகள் சிறு வாசலைப் போல் நின்றதால் அவற்றுக்கு இப்பெயர் ஏற்பட்டது. 'வாசல் ஒருவேளை குச்சியால் முடைந்ததாக இருந்திருக்கும், அதனால் விக்கெட்' என்று சிலர் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. கிரிக்கெட் மட்டை வில்லோ மரத்தில் செய்யப்படுவது உண்மைதான். ஆனால் அது பெயருக்குக் காரணமன்று.

இங்கிலாந்தின் வார்விக் என்ற ஊர்ப்பெயரில் உள்ள 'விக்'?

அது வேறு. குடியிருப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய 'வீக்குஸ்' என்பதன் வழி வந்தது.

தமிழின் 'வேய்' என்பதிலிருந்துதான் இது பிறந்தது என்கிறார்களே?

வேய் என்றால் மூங்கில்; வேய்தல் என்றால் கூரை மூடுதல். ஒலியும் பொருளும் அருகருகே இருப்பதால் இப்படித் தோன்றுவது இயல்பு. தாய்மொழியின் மேல் உள்ள அன்பில் இதைச் சொல்பவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இரண்டு சொற்கள் உறவு என்று நிறுவ வேண்டுமானால், ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு அந்தச் சொல் நகர்ந்த வழியைக் காட்ட வேண்டும், அல்லது இரு குடும்பங்களிலும் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலிமாற்றங்களைக் காட்ட வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. வேய் திராவிடச் சொல். விக்கர் ஜெர்மானியச் சொல்.

தமிழுக்குள்ளேயே வேறொரு கதவு திறந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இலக்கியத் தமிழில் பிரம்புக்கு 'வேத்திரம்' என்று ஒரு பெயர் உண்டு. அது வடமொழியின் 'வேத்ர' என்பதன் தமிழ் வடிவம். அந்த வடமொழிச் சொல்லை, முறுக்குதல், வளைத்தல் என்னும் பொருளுடைய 'வெய்' என்ற மூலவேரோடு சேர்க்கிறார்கள். இலத்தீனில் திராட்சைக்கொடியைக் குறிக்கும் 'வீட்டிஸ்', ஆங்கிலத்தில் கட்டப் பயன்படும் வளார்க்குச்சியைக் குறிக்கும் 'விதி' ஆகியவையும் அதே குடும்பம். விக்கருக்கு அடியான 'வெய்க்', இந்த 'வெய்' என்பதன் நீட்சி என்று கருதுவோரும் உண்டு. அந்தக் கருத்தை ஏற்றால், வேத்திரம் விக்கருக்குத் தூரத்துப் பங்காளி ஆகிறது. உறவு தேட வேண்டிய இடம் அதுவே.

இந்தச் சொல் பிறப்பதற்கு முன் பழைய உலகில் இதற்கு என்ன பெயர்?

உரோமர்கள் வளையும் குச்சியை 'வீமென்' என்றார்கள். உரோமின் ஏழு குன்றுகளில் ஒன்றான விமினால், அங்கே வளர்ந்த வளார்ச் செடிகளால் அப்பெயர் பெற்றதாகப் பழைய உரோம எழுத்தாளர்களே சொல்கிறார்கள். கூடைக்கெனப் பயிரிடப்படும் வில்லோ இனம் ஒன்றின் தாவரவியல் பெயர் 'சாலிக்ஸ் விமினாலிஸ்'. அதிலும் அதே சொல் ஒளிந்திருக்கிறது. ஜெர்மனியின் ட்ரியர் நகர அருங்காட்சியகத்தில் நோய்மாகன் என்னும் ஊரில் கிடைத்த உரோமக் காலக் கற்புடைப்பு ஒன்று உள்ளது. ஆசிரியரும் மாணவர்களும் உயர்ந்த முதுகுடைய முடைந்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். பின்னலின் வரிகளைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார் அந்தச் சிற்பி.

கி.மு. 58 முதல், இன்றைய பிரான்சை உள்ளடக்கிய 'கால்' (Gaul) என்னும் நாட்டில் போரிட்ட உரோமத் தளபதி ஜூலியஸ் சீசர், அங்குள்ள மக்கள் குச்சிகளால் பேருருவங்களை முடைந்து, அவற்றுள் மனிதர்களை அடைத்துத் தீயிட்டார்கள் என்று எழுதிவைத்தார். அவர் எழுதிய சொல் 'வீமென்' என்பதன் வேற்றுமை வடிவமே. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடத்தில் 'விக்கர்' என்று வைத்ததால்தான் 'விக்கர் மனிதன்' என்ற தொடர் ஆங்கிலத்தில் நிலைத்தது. சீசர் சொன்னது எதிரி மக்களைப் பற்றியது என்பதை மறந்து அதை அப்படியே வரலாறாக ஏற்பது சரியன்று.

வில்லோக் குச்சியை எப்படித் தயார் செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் இத்தொழிலுக்குப் பேர்போன இடம் சாமர்செட் மாவட்டத்தின் தாழ்வான ஈரநிலம். இலை உதிர்ந்த பின் குளிர்காலத்தில் குச்சிகளைத் தரையை ஒட்டி அறுத்துவிடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து அடுத்த பருவத்தில் ஆளுயரத்தைத் தாண்டிப் புதிய குச்சிகள் கிளம்பும். பட்டையோடு காயவைத்தால் பழுப்பு அல்லது பசுமை கலந்த நிறம் நிற்கும். அறுத்த குச்சிகளைக் கட்டுக்கட்டாக ஆழமற்ற நீரில் நிறுத்தி வைத்தால் வசந்தத்தில் அவை உயிர்ச்சாறு ஏறித் துளிர்விடும். அப்போது பட்டையை உரித்தால் வெள்ளைக் குச்சி கிடைக்கும். பட்டையோடு பல மணி நேரம் வேகவைத்துப் பிறகு உரித்தால், பட்டையின் துவர்ப்புச் சாறு உள்ளே இறங்கி இளஞ்செம்பழுப்பு ஏறும். சாயம் எதுவும் சேர்க்காமலே ஒரே செடி மூன்று நிறம் தருகிறது.

முடைவதற்கு முன் மீண்டும் ஊறவைக்க வேண்டும். உரித்த குச்சிக்கு ஓரிரு மணி நேரம் போதும். பட்டையுள்ளதற்குப் பல நாள் ஆகும். வட்டக் கூடையென்றால் அடிதான் முதல் வேலை. தடித்த குச்சிகள் சிலவற்றின் நடுவில் கத்தியால் கீறி, அந்தப் பிளவுக்குள் மற்றக் குச்சிகளைக் குறுக்கே நுழைத்து ஒரு சிலுவை அமைப்பார்கள். இரண்டு மெல்லிய குச்சிகளை ஒன்றை ஒன்று தாண்டச் செய்து அந்தச் சிலுவையை இறுக்கிச் சுற்றியபின், சுற்றுக்குச் சுற்று கட்டைவிரலால் குச்சிகளைப் பிரித்துப் பிரித்து, சிலுவையைச் சூரியக் கதிர்போல் விரிப்பார்கள். பக்கக் குச்சிகளை அடியில் செருகி மேல்நோக்கி வளைக்கும் இடத்தில், கத்திமுனையால் சிறிது குத்தித் திருப்பிவிட்டே மடக்குவார்கள். அந்தக் குத்து இல்லாவிட்டால் குச்சி முறியும். 'வளைதல்' என்ற வேர்ச்சொல்லின் பொருள் அந்த ஒரு கணத்தில் கண்முன் நடக்கிறது.

நம் நாட்டில் இதை வில்லோவிலேயே காண வேண்டுமானால் காஷ்மீருக்குப் போக வேண்டும். குளிர்காலத்தில் அங்குள்ளவர்கள் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் 'காங்கிரி', தணல் நிரப்பிய மண்சட்டியைச் சுற்றி வில்லோக் குச்சியால் முடைந்த கூடு ஆகும்.

குச்சியின் பெயர் எப்படி நாற்காலி மேசைகளின் பெயராயிற்று?

இதற்கு அமெரிக்கா பெருங்காரணம். 1840களில் பாஸ்டன் துறைமுகத்தில், ஆசியாவிலிருந்து வந்த கப்பல்களில் சரக்கு உருளாமல் முட்டுக்கொடுத்த பிரம்புகள் பயனற்றவையாக எறியப்பட்டு வந்தன. சைரஸ் வேக்ஃபீல்டு என்னும் மளிகை வணிகர் அவற்றை எடுத்து விற்கத் தொடங்கி, பின்னர் பிரம்புப் பொருள் ஆலையே நிறுவினார். அவர் ஆலை வைத்த சவுத் ரெடிங் என்ற ஊர் 1868இல் வேக்ஃபீல்டு என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆங்கிலேயர்களுக்கு வில்லோவை நினைவூட்டிய சொல், இப்படியாக அமெரிக்கர் வாயில் பிரம்பு நாற்காலிகளுக்கும் பரவியது. 1917இல் மார்ஷல் லாய்டு என்னும் அமெரிக்கர், காகிதத்தை முறுக்கி, கம்பியின் மேலும் சுற்றி, எந்திரத்தில் நெய்யும் முறையைக் கண்டுபிடித்தார். அதன்பின் விக்கரில் செடியே இல்லாமலும் போயிற்று.

பிளாஸ்டிக்கில் செய்ததையும் விக்கர் எனலாமா?

விக்கர் செய்முறையின் பெயர் என்பதால் எனலாம். ஆனால் அதைப் பிரம்பு என்று சொல்வது பொய். சில ஆண்டுகளுக்கு முன் 'பிரம்பு நாற்காலி' என்று தமிழில் எழுதியிருந்ததை நம்பி இணையவழியில் ஒன்று வாங்கினேன். வந்தது செயற்கை இழையில் பின்னியது. அதே விற்பனைப் பக்கத்தின் ஆங்கிலப் பகுதியில் 'விக்கர்' என்றுதான் இருந்தது. விற்றவர் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறார். வாங்குபவரின் பணம் ஒரு சொல்லின் துல்லியத்தில் தொங்குகிறது என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் உணர வேண்டும்.

இன்றும் இயற்கைக் குச்சிக்கு மாற்று இல்லாத இடம் ஏதேனும் உண்டா?

வெப்பக்காற்று பலூனின் கூடை. 1783 செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனை முன்பாக மோன்கோல்ஃபியே சகோதரர்கள் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஆகியவற்றை வானில் ஏற்றியதும் முடைந்த கூட்டில்தான். இன்றும் பெரும்பாலான பலூன் கூடைகள் வில்லோவிலும் பிரம்பிலும் முடையப்படுகின்றன. தரையில் மோதி இறங்கும்போது பின்னல் நெகிழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், எடையும் குறைவு.

தமிழில் விக்கரை எப்படிச் சொல்வது?

பொருள் தெரிந்த இடத்தில் அந்தப் பொருளின் பெயரோடு சொல்வதே நல்லது: பிரம்புப் பின்னல், மூங்கில் பின்னல், வில்லோக் குச்சிப் பின்னல், செயற்கை இழைப் பின்னல். பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'முடைவேலை' பொருந்தும். கூடை முடைதல், ஓலை முடைதல் என்று நாம் ஏற்கெனவே வழங்கும் வினைச்சொல் அது. முடையப் பயன்படும் குச்சியைக் குறிக்க நம்மிடம் மிகச் சரியான சொல் ஒன்று இருக்கிறது. வளார் என்றும் மிலாறு என்றும் விளாறு என்றும் ஊருக்கு ஊர் வழங்கும் அந்தச் சொல்லை, புளிய விளாற்றில் அடிவாங்கிய தலைமுறை மறந்திருக்காது. நீளமாக, மெல்லியதாக, முறியாமல் வளைவது எதுவோ அதுவே விளாறு. வில்லோவுக்கும் நம் நாட்டில் இனம் உண்டு. ஆற்றங்கரைகளில் வளரும் அதற்கு ஆற்றுப்பாலை என்று பெயர்.

மொழிபெயர்ப்பு வகுப்பில் யாரேனும் 'விக்கர் படகு' என்ற தொடரைக் கொண்டுவந்தால் நான் அகராதியை மூடிவிட்டு ஒகேனக்கல்லைச் சொல்வேன். மூங்கிலைப் பிளாச்சு பிளாச்சாகச் சீவி, வட்டமாக முடைந்து, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி, தார் பூசி ஆற்றில் இறக்குகிறார்கள். சீசர் பிரிட்டனில் கண்டதாகச் சொல்லும் படகுகளும் மேலே தோல் போர்த்திய முடைவேலைதான். வேல்சு நாட்டார் தங்கள் சிறு படகைக் 'கோரக்கிள்' என்பார்கள். காவிரியில் ஓடிய நம் படகைக் கண்டபோது ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரையே அதற்கும் சூட்டினார்கள். நமக்கு அது பரிசல்.